மாதவிடாய்க்கு முந்தைய அவதியை தெர்மல் கேமரா கண்டுபிடிக்குமா? படம் சொல்வதும் சொல்லாததும்

“என்ன, காலையிலேயே இவ்வளவு கோபம்... டேட் வந்துருச்சா?”

அலுவலகத்திலும் வீட்டிலும் பெண்களைப் பார்த்து சர்வசாதாரணமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பாதி கேலி, பாதி சந்தேகம். “ஆமா, உடம்பும் சரியில்ல, மனசும் சரியில்ல” என்று அந்தப் பெண் உண்மையைச் சொன்னால், அடுத்த கேள்வி ரெடியாக இருக்கும்: “அதுக்கெல்லாம் ஏதாவது டெஸ்ட் இருக்கா?”

இல்லை என்பதுதான் பதில். சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருக்கிறது. ஆனால், பிஎம்எஸ் எனப்படும் மாதவிடாய்க்கு முந்தைய அறிகுறித் தொகுப்பை உறுதிசெய்ய ஸ்கேனும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது.

இந்த இடத்தில்தான் தெர்மல் கேமரா வருகிறது. கொரோனா காலத்தில் விமான நிலையங்களிலும் அலுவலக வாசல்களிலும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்ததே, அதே தொழில்நுட்பம்தான். தென் கொரியாவில் பாரம்பரிய மருத்துவம் பார்க்கும் மருத்துவமனைகளில் இது பல ஆண்டுகளாகவே புழக்கத்தில் உள்ளது. உடலின் எந்தப் பகுதி சூடாக இருக்கிறது, எது குளிர்ந்திருக்கிறது என்று படமெடுத்து, அதை மாதவிடாய்த் தொல்லைகளோடு பொருத்திப் பார்க்கும் முயற்சிகள் நடக்கின்றன.

கேட்க நன்றாக இருக்கிறது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. ஆனால், இந்தப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலில், பிஎம்எஸ் என்றால் என்ன?

மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் வயிறு உப்புசம், மார்பக வலி, தலைவலி, சோர்வு, எரிச்சல், காரணமில்லாத அழுகை, பதற்றம் போன்றவை வருவதும், ரத்தப்போக்கு தொடங்கிய சில நாள்களில் அவை தணிவதும்தான் பிஎம்எஸ். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் 1931-ல் இதை ‘மாதவிடாய்க்கு முந்தைய இறுக்கம்’ என்று விவரித்தார். இன்று நாம் பயன்படுத்தும் ‘பிரீமென்ஸ்ட்ருவல் சிண்ட்ரோம்’ என்ற பெயர், 1953-ல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் காத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் எழுதிய கட்டுரையில் வந்தது.

பீரியட்ஸ் நேரத்து வயிற்று வலி வேறு, பிஎம்எஸ் வேறு. வலி என்பது பெரும்பாலும் ரத்தப்போக்கோடு வருவது. பிஎம்எஸ் அதற்கு முன்பே வந்து, ரத்தப்போக்கு தொடங்கியதும் மெல்ல விலகுவது. இரண்டும் ஒரே பெண்ணுக்கு இருக்கலாம்.

இதன் தீவிர வடிவம் பிஎம்டிடி. மனச்சோர்வு, கட்டுக்கடங்காத கோபம், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வரை போகக்கூடியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட ‘டிஎஸ்எம்-5’ கையேடு இதைத் தனி மனநலப் பாதிப்பாகவே சேர்த்தது.

ஹார்மோன் டெஸ்ட் எடுத்தால் தெரியாதா?

‘ஹார்மோன் பிராப்ளம்’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், பிஎம்எஸ் உள்ள பெண்ணின் ஹார்மோன் அளவும், இல்லாத பெண்ணின் அளவும் பொதுவாக ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் அந்த ஏற்ற இறக்கத்துக்கு மூளை காட்டும் எதிர்வினையில் இருக்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டியது அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோ குழுவினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு. முதலில் மருந்து கொடுத்து, சினைப்பையின் ஹார்மோன் சுரப்பை நிறுத்தினார்கள். பிறகு ஈஸ்ட்ரோஜன் அல்லது புரோஜெஸ்டிரோனை வெளியிலிருந்து கொடுத்தார்கள். பிஎம்எஸ் இருந்த பெண்களுக்கு அறிகுறிகள் திரும்பி வந்தன. இல்லாத பெண்களுக்கு அதே ஹார்மோன் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை.

அதனால்தான் ரத்தத்தில் ஹார்மோனை அளந்து ‘இவருக்கு பிஎம்எஸ் இருக்கிறது’ என்று சொல்ல முடிவதில்லை. டாக்டர்கள் நம்பியிருப்பது ரொம்ப எளிய ஒரு கருவியை: நோட்டுப் புத்தகம். தினமும் அறிகுறிகளைக் குறித்துக்கொண்டு, இரண்டு மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குப் பிறகு அதில் ஒரு ஒழுங்கு தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

ஞாபகத்திலிருந்து சொன்னால் போதாதா? போதாது. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், தினசரிக் குறிப்பு இல்லாமல் தற்காலிகமாகக் கணக்கிட்டபோது பிஎம்டிடி 7.7 சதவீதம் பேருக்கு இருப்பதாகத் தெரிந்தது. தினசரிக் குறிப்புகளை வைத்து உறுதிசெய்தபோது 3.2 சதவீதமாகக் குறைந்தது. யாரும் பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மனித ஞாபகம் அப்படித்தான் வேலை செய்கிறது.

இரண்டு மாதம் விடாமல் எழுதுவது பலருக்கும் கஷ்டம். ‘ஒரே ஒரு படம், உடனே ரிசல்ட்’ என்ற யோசனை கவர்ச்சியாகத் தெரிவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

தெர்மல் கேமரா எப்படிப் பார்க்கிறது?

வெப்பம் உள்ள எல்லாப் பொருளும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடும். நம் தோலும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்களைப் பிடித்து, ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையையும் கணக்கிட்டு, அதற்கு ஒரு நிறம் கொடுக்கிறது கேமரா. படத்தில் தெரியும் சிவப்பும் நீலமும் மென்பொருள் பூசியவை. செட்டிங்கை மாற்றினால் அதே உடல் வேறு நிறத்தில் தெரியும். சிவப்பு என்றால் வலி என்றோ, நீலம் என்றால் ஆரோக்கியம் என்றோ அர்த்தம் கிடையாது.

தோலின் வெப்பநிலை, அதற்கு அடியில் ஓடும் ரத்தத்தைப் பொறுத்தது. ரத்தக் குழாய்கள் சுருங்கினால் அந்த இடம் குளிரும், விரிந்தால் சூடாகும். இந்தச் சுருக்கத்தையும் விரிவையும் கட்டுப்படுத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். மன அழுத்தம் வரும்போது மூக்கின் நுனி குளிர்வதைக்கூட தெர்மல் கேமராவில் பார்க்கலாம். பிஎம்எஸ்ஸில் நரம்பு மண்டலத்தின் சமநிலை மாறுகிறது என்றால், அதன் தடம் தோலில் தெரியலாம் அல்லவா? ஆராய்ச்சியாளர்களின் லாஜிக் இதுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

கொரியாவில் ஏன் இவ்வளவு ஆர்வம்?

நம்மூரில் ‘உடம்பு சூடு’ என்று சொல்வதுபோல, கொரிய பாரம்பரிய மருத்துவத்தில் குளிர்ச்சியும் சூடும் முக்கியமான கருத்துகள். கை கால் சில்லிட்டுப் போவது, அடிவயிறு குளிர்ந்திருப்பது, உடலின் மேல்பகுதி சூடாகவும் கீழ்ப்பகுதி குளிர்ச்சியாகவும் இருப்பது ஆகியவற்றை அது பெண்களின் பல உடல்நலத் தொல்லைகளோடு இணைத்துப் பார்க்கிறது.

முன்பு நாடி பிடித்தும் தொட்டுப் பார்த்தும் சொன்னதை, இப்போது எண்ணாகக் காட்ட முடிகிறது. உள்ளங்கைக்கும் மேல்கைக்கும், மார்புப் பகுதிக்கும் அடிவயிற்றுக்கும் இடையே எத்தனை டிகிரி வித்தியாசம் என்று படம் சொல்லிவிடும். பாரம்பரிய மருத்துவத்துக்கு அது ஓர் அறிவியல் மொழியைக் கொடுக்கிறது. கை கால் குளிர்ச்சியை மதிப்பிட இது ஓரளவு பொருத்தமான கருவியும்கூட. ஏனென்றால் அங்கே கேள்வியே வெப்பநிலை பற்றியதுதான்.

பிஎம்எஸ் விஷயம் அப்படி இல்லை.

சிக்கல் எங்கே இருக்கிறது?

1. எல்லோருக்குமே சூடு ஏறும்: சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் கூடும். அது மூளையில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைப் பாதிப்பதால், உடல் வெப்பநிலை சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயரும். அடுத்த மாதவிடாய் நெருங்கும்வரை அந்த உயர்வு நீடிக்கும். பிஎம்எஸ் வருவதும் இதே நாள்களில்தான். ஆனால், பிஎம்எஸ் துளியும் இல்லாத பெண்ணுக்கும் இந்தச் சூடு ஏறும். அப்படியென்றால், கேமரா பார்ப்பது அவதியையா, வெறும் காலண்டரையா? இதைப் பிரித்துக் காட்டாத எந்த முடிவையும் நம்ப முடியாது.

2. சின்ன வித்தியாசம், பெரிய சத்தம்: சாதாரண தெர்மல் கேமராக்கள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையிலான மிக நுண்ணிய வித்தியாசத்தைக்கூடக் காட்டும். ஆனால், ‘இந்த இடம் சரியாக இத்தனை டிகிரி’ என்று சொல்வதில் பல கேமராக்கள் 2 டிகிரி வரை கூடக் குறையக் காட்டலாம். தேடும் மாற்றமோ அரை டிகிரிக்குள். இதற்கு மேல் அறையின் ஏசி, காற்று, இப்போதுதான் குடித்த காபி, ஏறி வந்த மாடிப்படி, தடவிய க்ரீம் எல்லாமே தோலின் வெப்பத்தை மாற்றும். அதனால்தான் முறையாக எடுக்கும் இடங்களில் குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்த அறையில் சுமார் 15 நிமிடம் உட்கார வைத்த பிறகே படம் எடுப்பார்கள்.

3. உடல்வாகு: தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு, வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கும். அடிவயிற்றில் கொழுப்பு அதிகம் உள்ளவரின் தோல் குளிர்ச்சியாகத் தெரியும். கருப்பை இருப்பதோ உடலுக்குள் ஆழத்தில். கேமரா பார்ப்பது தோலின் மேற்பரப்பை மட்டும்தான்.

4. மனசுக்கு டிகிரி இல்லை: பிஎம்எஸ்ஸில் பலரையும் அதிகம் வாட்டுவது எரிச்சல், அழுகை, நம்பிக்கையின்மை போன்றவை. ஒரு பெண்ணின் வேலையையும் உறவுகளையும் அது எந்த அளவுக்குக் குலைக்கிறது என்பது நோயறிதலின் முக்கியமான பகுதி. அடிவயிற்றின் வெப்பநிலையிலிருந்து அதைப் படிக்க முடியாது.

கடைசியாக ஒரு சுவாரஸ்யமான முரண். கேமரா சரியாகச் சொல்கிறதா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? அந்தப் பெண் எழுதிய தினசரிக் குறிப்போடு ஒப்பிட்டுத்தான். அதாவது, நோட்டுப் புத்தகத்துக்கு மாற்றாக வந்த கேமராவுக்கு மார்க் போடுவதே நோட்டுப் புத்தகம்தான்.

இந்தப் படத்தை உலகம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது

தெர்மல் இமேஜிங் பெண்கள் மருத்துவத்தில் நுழைவது இது முதல் முறை இல்லை. 1956-ல் கனடா மருத்துவர் ரே லாசன், மார்பகப் புற்றுநோய் உள்ள இடத்தின் தோல் சூடாக இருப்பதைப் பதிவு செய்தார். பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. அமெரிக்காவில் 1973-ல் தொடங்கிய பிரம்மாண்டமான மார்பகப் புற்றுநோய் கண்டறியும் திட்டத்தில் மேமோகிராமோடு தெர்மோகிராபியையும் சேர்த்தார்கள். புற்றுநோயைக் கண்டுபிடிப்பதில் அது பின்தங்கியதால், பாதியிலேயே கைவிட்டார்கள்.

ஆனாலும் தனியார் மையங்கள் ‘வலியில்லாத மாற்று’ என்று விளம்பரம் செய்வதை நிறுத்தவில்லை. 2019-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, தெர்மோகிராபி மேமோகிராமுக்கு மாற்று அல்ல என்று பொதுமக்களை எச்சரிக்க வேண்டிவந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவின் துணையோடு இந்தத் தொழில்நுட்பம் மீண்டும் வருகிறது. பெங்களூரில் 2016-ல் தொடங்கப்பட்ட ‘நிராமை’ நிறுவனம் மார்பகப் பரிசோதனைக்கு இந்த வழியில்தான் முயல்கிறது. இத்தகைய கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன்னை நிரூபிக்க வேண்டும். ‘உள்ளே பிரச்சினை இருந்தால் வெளியே சூடாகத் தெரியும்’ என்ற ஒற்றை வரி லாஜிக் மட்டும் போதாது என்பது மார்பகத் தெர்மோகிராபி சொல்லிக்கொடுத்த பாடம்.

மெஷின் சொன்னால் மனசு நம்பும்

இன்னொரு ஆபத்தும் உண்டு. 1977-ல் அமெரிக்க உளவியலாளர் டயான் ரூபிள் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவிகளிடம், ‘மூளை அலைகளை வைத்து உங்கள் மாதவிடாய்த் தேதியைக் கணிக்கும் புதிய முறை இது’ என்று சொல்லி ஒரு சோதனை நடத்தினார். உண்மையில் எல்லோருமே மாதவிடாய்க்குச் சுமார் ஒரு வாரத்துக்கு முந்தைய நிலையில்தான் இருந்தார்கள். ஆனால், சிலரிடம் ‘இன்னும் ஓரிரு நாளில் வந்துவிடும்’ என்றும், சிலரிடம் ‘இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்’ என்றும் சொல்லப்பட்டது.

‘ஓரிரு நாளில்’ என்று கேட்டவர்கள், வலி, உடலில் நீர் கோத்தல் போன்ற அறிகுறிகளை மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். மெஷின் சொன்ன வார்த்தை, உடலை அவர்கள் உணரும் விதத்தையே மாற்றிவிட்டது.

இதை வைத்து ‘பார்த்தீங்களா, எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்லக் கிளம்பினால் அது தப்பு. 1998 ஆய்வு காட்டியதுபோல, பிஎம்எஸ்ஸுக்கு உடலியல் காரணம் உண்டு. ரூபிளின் பரிசோதனை காட்டுவது வேறு: ஒரு கருவியின் ரிசல்ட்டுக்கு இருக்கும் அதிகாரம். கலர் கலராக ஒரு படத்தைக் காட்டி ‘உங்களுக்கு பிஎம்எஸ் இருக்கு’ என்றாலும், ‘ஒண்ணும் இல்லை, நார்மல்’ என்றாலும், அதன் பிறகு அந்தப் பெண் தன் உடலைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

‘ஆதாரம் காட்டு’ என்றால்?

விஷயம் கிளினிக்கோடு முடியாது. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில், பணிபுரியும் பெண்களுக்கு மாதம் ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய மாதவிடாய் விடுப்புக்கு ஒப்புதல் அளித்தது. பிகாரில் அரசுப் பெண் ஊழியர்களுக்கு 1992 முதலே மாதம் இரண்டு நாள் உண்டு. 2024 ஜூலையில் இதுபற்றிய மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கவே நிறுவனங்கள் தயங்கலாம் என்ற கவலையைச் சொல்லி, மாதிரிக் கொள்கை வகுப்பதை மத்திய அரசிடம் விட்டது. ஸ்பெயின் 2023-ல் கொண்டுவந்த சட்டத்தில் டாக்டர் சான்று தேவை.

விடுப்பு என்று வந்தாலே, ‘உண்மையிலேயே முடியலையா, சும்மா லீவு போடுறாங்களா?’ என்ற பேச்சும் கூடவே வரும். ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும் என்ற நிலை வந்தால், அதை முதலில் கேட்கப்போவது யார்? டாக்டரா, ஹெச்ஆரா?

இது கற்பனைப் பயம் இல்லை. தென் கொரியாவில் மாதவிடாய் விடுப்பு 1953 முதல் சட்டத்தில் இருக்கிறது. இப்போது அது மாதம் ஒரு நாள், ஊதியம் இல்லாமல். ஏசியானா ஏர்லைன்ஸ் நிறுவனம் 2014-15 காலத்தில் 15 விமானப் பணிப்பெண்கள் கேட்ட விடுப்புகளை, மொத்தம் 138 முறை, மறுத்தது. வழக்கு வந்தபோது, ‘விடுமுறை நாள்களை ஒட்டியே அதிகம் கேட்டார்கள், மாதவிடாய் என்பதற்கு ஆதாரம் இல்லை’ என்று நிறுவனத் தரப்பு வாதிட்டது. ஆதாரம் கேட்பதே அந்தப் பெண்களின் அந்தரங்கத்தையும் மனித உரிமையையும் மீறுவது என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. முன்னாள் தலைமை நிர்வாகிக்கு விதித்த 20 லட்சம் வோன் அபராதத்தை கொரிய உச்ச நீதிமன்றம் 2021-ல் உறுதிசெய்தது.

தெர்மல் கேமராவை அதிகம் பயன்படுத்தும் அதே நாட்டில்தான், ‘ஆதாரம் கேட்கக் கூடாது’ என்ற தீர்ப்பும் வந்திருக்கிறது.

படம் தப்பாகச் சொல்வதற்கான வாய்ப்பு இருக்கும்போது, பாதிப்பு யாருக்கு என்பது தெளிவு. தீவிர அவதியில் இருந்தும் ‘நார்மல்’ ரிப்போர்ட் வாங்கிய பெண்ணை, அதன் பிறகு யாரும் நம்பமாட்டார்கள். இவ்வளவு நாள் ‘டெஸ்ட் இல்லை’ என்பது அவருக்குப் பிரச்சினையாக இருந்தது. இனி டெஸ்ட்டே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

டேட்டா எங்கே போகும்?

கிளினிக் கேமராவைவிட வேகமாக நம் கைக்கு வந்துவிட்டவை, வெப்பநிலை பார்க்கும் வாட்ச்சும் மோதிரமும். ஆப்பிள் வாட்ச் 2022-ல் வந்த சீரிஸ் 8-லிருந்து மணிக்கட்டின் வெப்பநிலையை வைத்து, கருமுட்டை வெளியான நாளைப் பின்னோக்கிக் கணிக்கிறது. ஊரா, இந்தியாவின் அல்ட்ராஹியூமன் மோதிரங்களும் வெப்பநிலையைப் பதிவுசெய்கின்றன. இவை சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைக் கணிக்க உதவும். அவதியை அளக்காது.

மாதவிடாய் டேட்டா எவ்வளவு எளிதாகக் கைமாறும் என்பதற்கு ‘ஃப்ளோ’ செயலி உதாரணம். பயனாளர்களின் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக எழுந்த புகாரில், 2021-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடன் அது சமரசத்துக்கு வந்தது. இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலைத் தனி ‘உணர்திறன் மிக்க’ வகையாகப் பிரித்து வைக்கவில்லை. உடலின் வெப்பப் படத்தை எங்கோ ஒரு சர்வரில் சேமிக்கும் முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அப்போ, இந்த ஆராய்ச்சியே வேண்டாமா?

வேண்டும். பெண்களின் உடல்நலத்துக்குப் புதிய கருவிகளைத் தேடுவது நல்லதுதான். தேடும் முறை சரியாக இருக்க வேண்டும். ஒரே பெண்ணை, குறைந்தது இரண்டு சுழற்சிகளில், கருமுட்டை வெளியாவதற்கு முன்பும் பின்பும் படம் எடுக்க வேண்டும். பிஎம்எஸ் இல்லாத பெண்களையும் அதேபோல எடுக்க வேண்டும். படத்தைப் படிப்பவருக்கு அது யாருடையது என்று தெரியக் கூடாது. அத்தனைக்கும் பிறகு இரண்டு குழுவுக்கும் இடையே தெளிவான வித்தியாசம் தெரிந்தால், கேமராவுக்கு ஒரு வேலை இருக்கிறது. அப்போதும் அது டாக்டருக்குத் துணை, அவ்வளவுதான். ஒரு சிகிச்சையால் கை கால் குளிர்ச்சி குறைகிறதா என்று தொடர்ந்து பார்ப்பது போன்ற இடங்களில் அது பயன்படலாம்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

- இரண்டு சுழற்சிகளுக்குத் தினமும் குறித்துவையுங்கள். எரிச்சல், சோகம், பதற்றம், தூக்கம், உப்புசம், வலி ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மார்க். 1 என்றால் துளியும் இல்லை, 6 என்றால் மிகத் தீவிரம். டாக்டர்கள் பயன்படுத்தும் ‘டிஆர்எஸ்பி’ என்ற தினசரிப் படிவமும் இதே முறைதான். பேப்பரில் எழுதினால் டேட்டா கவலையும் இல்லை.
- மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தைக் கவனியுங்கள். அந்த வாரம் நிம்மதியாக இருந்தால் பிஎம்எஸ்ஸாக இருக்கலாம். அந்த வாரமும் அதே சோர்வு, அதே மன அழுத்தம் என்றால், தைராய்டு, மனச்சோர்வு போன்ற வேறு காரணங்களையும் டாக்டர் பார்ப்பார்.
- சிகிச்சை இருக்கிறது. உடற்பயிற்சி, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எனப்படும் உளவியல் ஆலோசனை, சில வகைக் கருத்தடை மாத்திரைகள், எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் ஆகியவை பலருக்கு உதவுகின்றன. எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகளை மாதத்தின் பிற்பாதியில் மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. எதையும் டாக்டர் சொல்லாமல் எடுக்க வேண்டாம்.
- உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.
- யாராவது தெர்மல் ஸ்கேன் பேக்கேஜ் விற்க வந்தால், ‘இது எதைக் கண்டுபிடிக்கும், எந்த ஆய்வில் நிரூபித்திருக்கிறார்கள், ரிசல்ட்டை வைத்து என் சிகிச்சையில் என்ன மாறும்?’ என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்தப் பணத்தில் ஒரு மகப்பேறு மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பார்த்துவிடலாம்.

இரண்டு மாதக் குறிப்பை கையில் எடுத்துக்கொண்டு போகும் பெண்ணிடம், தெர்மல் படம் சொல்லக்கூடியதைவிட அதிகத் தகவல் இருக்கிறது. அதை உட்கார்ந்து படிக்க ஒரு டாக்டரும், சொன்னதை நம்ப ஒரு வீடும் அலுவலகமும் வேண்டும். அதற்கு எந்த மெஷினும் தேவையில்லை.